பதினெட்டாம் எண் நாடு: ஃபிரிட்ஸ் சுவிக்கியின் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர்)

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்து இருட்டறையில் ஹைட்ரஜன் குழாயின் சிவப்பு வரியை நிறமாலைமானி வழியே முதன்முதலாகக் கண்ட நாளை என்னால் மறக்க இயலாது. அதே சிவப்பு வரி, 5 கோடியே 90 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு சின்னஞ்சிறு விண்மீன் மண்டலத்திலிருந்தும் வருகிறது என்று பின்னர் அறிந்தேன். அம்மண்டலத்தின் பெயர் ‘முதல் சுவிக்கி 18’. ஊருக்கும் ஆற்றுக்கும் மனிதர் பெயர் வைப்பது உண்டு. கோடானுகோடி விண்மீன்கள் வாழும் ஒரு மண்டலமே ஒருவர் பெயரைத் தாங்குகிறதென்றால், யார் அந்தச் சுவிக்கி? அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

ஃபிரிட்ஸ் சுவிக்கி 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பல்கேரியாவின் வார்னா நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்துக்காரர், வணிகர். மகனும் வணிகமே கற்கவேண்டும் என்பது வீட்டின் விருப்பம். அதற்காக ஆறு வயதுச் சிறுவன் 1904இல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பகுதியிலிருந்த பாட்டன் பாட்டியிடம் அனுப்பப்பட்டான். ஆனால் மலை சூழ்ந்த அந்த ஊரில் வளர்ந்த பையனின் உள்ளம் கணக்குப் பேரேட்டில் நிற்கவில்லை. கணிதத்திலும் இயற்பியலிலும் சென்று நிலைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இந்தப் படிப்பால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் கிளாருஸ் சிறுவனை நினைத்துக்கொள்கிறேன்.

சூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1922இல் படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் பெற்றார். 1925இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மில்லிகனிடம் சேர்ந்தார். படிகத்தை ஆராயப் போனவர் விண்ணை ஆராயத் தொடங்கினார். இறுதிவரை அமெரிக்காவிலேயே பணியாற்றினாலும் சுவிஸ் குடியுரிமையை அவர் விடவில்லை.

1933இல் கோமா என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அங்குள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்று கண்டார். காணாத ‘இருண்ட பொருள்’ அங்கே பன்மடங்கு இருக்கவேண்டும் என்றார். மறு ஆண்டு, அதாவது 1934இல், வால்டர் பாடே என்பவருடன் இணைந்து இன்னொரு துணிவான கருத்தை வெளியிட்டார். பெருவிண்மீன் வெடித்துச் சிதறும்போது, அதன் நடுவே நியூட்ரான்களால் ஆன மிகச்சிறிய, மிக அடர்ந்த விண்மீன் மிஞ்சும் என்பதே அது. நியூட்ரான் என்ற துகளையே சாட்விக் கண்டறிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன! 1937இல், விண்மீன் மண்டலங்கள் தம் ஈர்ப்பால் ஒளியை வளைத்து ஆடிவில்லைபோல் செயல்படும் என்றும் எழுதினார்.

இவற்றைப் பலர் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணம் ஓரளவு அவரேதான் என்பதையும் மறைக்கக்கூடாது. முன்கோபி, உடன்பணியாற்றியோரைக் கடுஞ்சொற்களால் சாடுவார். 1971இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட மண்டலப் பட்டியல் நூலின் முன்னுரையிலேயே சக விஞ்ஞானிகளை வசைபாடியிருந்தார். அவர் சொன்னவை அனைத்தும் சரியும் அல்ல. தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் களைத்துப்போவதால்தான் சிவக்கிறது என்று 1929இல் அவர் கூறியது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் காலம் பல கணக்குகளை அவர் பக்கமே நேர்செய்தது. 1967இல் துடிப்பு விண்மீன்கள் கண்டறியப்பட்டன. அவை நியூட்ரான் விண்மீன்களே என்று விரைவில் தெளிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. ஆடிவில்லை 1979இல் மெய்ப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

இதே கடுஞ்சொல்லருக்கு மற்றொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அழிந்த நூலகங்களுக்கு அறிவியல் நூல்களையும் இதழ்களையும் டன் கணக்கில் திரட்டி அனுப்பினார். ஆதரவற்ற குழந்தைகளுக்கான பெஸ்தலோசி அறக்கட்டளைக்காகவும் பாடுபட்டார். நூலகப் புத்தகத்தை நம்பியே படிக்கும் எனக்கு, அவருடைய கண்டுபிடிப்புகளைவிட இந்தச் செயல் ஒருபடி மேலாகத் தோன்றுகிறது.

இனி அந்தப் பதினெட்டாம் எண்ணுக்கு வருவோம். பலோமர் மலைத் தொலைநோக்கிப் படங்களில் இறுகிச் சிறுத்த மண்டலங்களை அவர் பட்டியலிட்டார். முதற் பட்டியலின் 18ஆவது உறுப்பே இது. 1970களின் தொடக்கத்தில் சார்ஜென்ட், சேர்ல் என்னும் இருவர் அதன் நிறமாலையை ஆராய்ந்து வியந்தனர். ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அனைத்தையும் வானியலார் உலோகம் என்றே அழைப்பர். ஆக்சிஜனும் அவர்களுக்கு உலோகம்! வேதியியல் நண்பர்கள் சிரிக்கலாம். சூரியனில் உள்ள அளவோடு ஒப்பிட்டால், அம்மண்டலத்தில் ஆக்சிஜன் மிகச் சில விழுக்காடே உள்ளது. அத்தகைய ஏழை மண்டலத்தில் புதிய விண்மீன்களோ வெடித்தெழுவதுபோல் பிறந்துகொண்டிருக்கின்றன.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூடான இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் அதைத் தந்துவிடும். ஆனால் ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானையும் பறிக்க 54.4 வேண்டும். அம்மண்டலத்து வாயு அப்படிப் பறிகொடுத்த ஹீலியத்தின் வரியையும் காட்டுகிறது. சாதாரண இளம் விண்மீன்களால் அவ்வளவு வலிய கதிரைத் தேவையான அளவு தர இயலாது. அப்படியானால் கொடுப்பது யார்?

வெளியுறையை இழந்த வோல்ஃப்-ராயே விண்மீன்களா? அவை அங்கே உள்ளன. ஆனால் உலோகம் குறைந்தால் விண்மீனின் காற்று வலுவிழக்கும், உறையை இழப்பதும் அரிதாகும். துணைவிண்மீனின் பொருளை இழுத்து எக்ஸ்-கதிர் வீசும் கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா? வெடிப்புகளின் அதிர்ச்சி அலைகளா? உலோகமே இல்லாததுபோன்ற மிகச்சூடான விண்மீன்களா? ஒவ்வொன்றுக்கும் சான்று உண்டு, தடையும் உண்டு. இன்னும் ஒருமித்த விடை இல்லை. பேரண்டத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் இருந்த இளம் மண்டலங்கள் இத்தகைய ஏழைகளே. அன்று எங்கும் பரவியிருந்த வாயுவை அயனியாக்கியது எது என்ற பெருங்கேள்வியும் இதனோடு பிணைந்துள்ளது.

ஒரு சிக்கலுக்குச் சாத்தியமான எல்லா விடைகளையும் கட்டம் போட்டு எழுதி, முன்கூட்டியே எதையும் தள்ளாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும் என்பது சுவிக்கி வகுத்த ஆராய்ச்சி முறை. அவர் எண்ணிட்ட மண்டலத்தில் இன்று நடப்பதும் அத்தகைய சோதனையே. அந்தக் கட்டங்களுள் ஒன்றில், ஒருகாலத்தில் பொருட்படுத்தப்படாத அவருடைய நியூட்ரான் விண்மீனும் இடம்பெற்றிருப்பதை என்னென்பது!

1974 பிப்ரவரி 8ஆம் நாள் பாசடேனாவில் அவர் மறைந்தார். உடல் கிளாருஸ் பகுதியின் மோலிஸ் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. வணிகம் கற்க வந்த சிறுவன், விண்ணைக் கற்று அதே மலையடிவாரத்துக்குத் திரும்பினான்.

நண்பர்களே, அவருடைய கோபத்தை நாம் கற்கவேண்டியதில்லை. தள்ளாமல் சோதிக்கும் பொறுமையைக் கற்போம். அடுத்தமுறை இருட்டறையில் அந்தச் சிவப்பு வரியைக் காணும்போது, பதினெட்டாம் எண்ணின் விடை இன்னும் எழுதப்படவில்லை என்பதை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். எழுதப்போகும் கை நம் கல்லூரிக் கையாக ஏன் இருக்கக்கூடாது?