சாக்சபோன் தந்த செம்மல் அடால்ப் சாக்ஸ்

யாழையும் குழலையும் முதன்முதல் ஆக்கிய கைகள் எவருடையவை என வரலாறு கூறவில்லை. சாக்சபோனுக்கோ அதனை ஆக்கியவரின் பெயரே பெயராயிற்று. கருவியாக்குநர், இசைக்கலைஞர், ஆசிரியர், இசைக்குழு நடத்துநர் என நால்வகைப் பணியாற்றிய அடால்ப் சாக்ஸின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் பயிற்சியும்

1814 நவம்பர் 6ஆம் நாள் பெல்ஜியத்தின் தினான் நகரில் சாக்ஸ் பிறந்தார். தந்தையார் இசைக்கருவிகள் செய்வதில் வல்லவர். மாடியிலிருந்து வீழ்ந்தும் ஊசியை விழுங்கியும் இளமையில் பலமுறை சாவின் விளிம்பைக் கண்டு மீண்டவர் சாக்ஸ் என்பர். பிரசல்ஸ் நகரில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பயின்றார். தந்தையின் பட்டறையோ அவருக்கு மற்றொரு பள்ளியாயிற்று. 1838இல் பாஸ் கிளாரினெட்டைத் திருத்தியமைத்துக் காப்புரிமை பெற்றார்.

பாரிஸ் வாழ்வு

1842இல் அவர் பாரிசில் குடியேறினார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் அவ்வாண்டே செய்தித்தாளில் புதிய கருவியைப் பாராட்டி எழுதினார். 1844இல் பெர்லியோசின் படைப்பொன்று அரங்கேறியபோது சாக்சே அக்கருவியை இசைத்தார். 1846 ஜூன் திங்களில் காப்புரிமை கிட்டியது. பித்தளையால் ஆயினும், கிளாரினெட்டைப் போல் ஒற்றைச் சீவாளி பொருத்தப்பெற்றது. உடலோ நம் நாகசுரத்தைப் போல் கூம்பிய குழல். மரக்குழலின் நெகிழ்ச்சியையும் உலோகக் கருவியின் முழக்கத்தையும் ஒன்றாக்கியதே அவருடைய அருஞ்செயல்.

1845 ஏப்ரல் 22இல் பாரிஸ் திடலொன்றில் பெருங்கூட்டத்தின் முன் நடைபெற்ற போட்டியில், அவருடைய கருவிகளைக் கொண்ட குழு பழைய முறைக் குழுவினும் சிறப்புற்றது. படையிசைக் குழுக்களில் அவர் கருவிகள் இடம்பெற்றன. வெற்றி பகையையும் உடன் கொணர்ந்தது. பிற கருவியாக்குநர்கள் அவருடைய காப்புரிமைகளை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 1852இல் அவர் நொடித்துப்போனார். பின்னர் உதட்டில் கட்டி தோன்றி உயிருக்கே ஊறு விளைக்க முற்பட்டது, அதனின்றும் மீண்டார்.

ஆசிரியப் பணி

1857இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் படைவீரர்களுக்குச் சாக்சபோன் கற்பிக்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. கற்பிக்கக் கருவி மட்டும் போதுமா? இசைத்தற்குரிய படைப்புகளும் வேண்டுமல்லவா? அக்குறையை நிறைக்கச் சிங்கெலே போன்றோரின் படைப்புகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பாரிஸ் ஆப்பெரா அரங்கின் மேடை இசைக்குழுவையும் நெடுங்காலம் நடத்தினார்.

1870இல் மூண்ட பிரெஞ்சு–பிரஷ்யப் போர் அவ்வகுப்பை முடித்துவைத்தது. 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் நொடித்தார். 1894 பிப்ரவரி 7இல் பாரிசில் வறிய நிலையில் மறைந்தார். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

மறைந்தபின் மலர்ந்த புகழ்

ஆசிரியரை இழந்த கருவி செவ்வியல் அரங்கில் ஓரமாய் நின்றது. பிசே முதலிய சிலரே அதனை எடுத்தாண்டனர். 72 ஆண்டுகள் கழிந்து 1942இல் மார்செல் மூல் என்னும் பெருங்கலைஞரை ஆசிரியராகக் கொண்டு அக்கல்லூரி அவ்வகுப்பை மீண்டும் தொடங்கிற்று. இதற்கிடையே அமெரிக்க ஜாஸ் இசை அக்கருவியை உலகெங்கும் பரப்பியிருந்தது. நம் நாட்டிலோ, நாகசுரக் கலைஞரின் மைந்தராகிய கத்ரி கோபால்நாத் (1949–2019) கருநாடக இசையின் கமகங்களை அதில் ஒலிக்கச் செய்தார்.

ஒரு கலை நிலைபெற, படைப்பவரோடு கற்பிப்பவரும் வேண்டும் என்பதே சாக்ஸின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும். வழக்குகள் அவருடைய பொருளைக் கவர்ந்தன. போர் அவருடைய வகுப்பைக் கவர்ந்தது. அவர் ஆக்கிய ஒலியை எவராலும் கவர இயலவில்லை. கற்கும் பருவத்தினராகிய மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.