மூணு இழை முறுக்கு

குண்டடம் பக்கம் ஸ்பின்னிங் மில் பார்த்து வளர்ந்தவன் நான். முறுக்கு நூல் எனக்குப் புதுசில்லை. நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதமும் மூணு இழை முறுக்குதான் என்று சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் (1922-2001). எக்ஸ்ரே படங்களை வைத்து, கோபிநாத் கர்த்தாவோடு 1954-ல் அந்த மாதிரியை அமைத்தார்.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். மனுஷர் விடவில்லை. அதுவரை அளந்திருந்த படிகங்களைப் புரட்டி, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கும் என்று கணக்கெடுத்தார். (ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் மற்றவர்கள் சொன்னதே நின்றது, மூணு இழை அப்படியே நின்றது.) புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம், ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963-ல் வந்தது, அந்தக் கணக்கிலிருந்துதான். இன்றைக்கு கம்ப்யூட்டர் ஊகித்துத் தரும் புரத வடிவத்தையும் அதில் வைத்துப் பார்க்கிறார்கள்.