தராசு ஏந்திய மேதை லவாய்சியர்

வேதியியல் கற்கப் புகும் மாணவர்க்கு முதன்முதலில் அச்சமூட்டுவது சமன்பாடுகளைச் சமன் செய்யும் பகுதியே ஆகும். வாய்பாடுகளுக்கு முன்னே இடப்படும் இரண்டு, மூன்று என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்காமல் மனப்பாடம் செய்து தேர்வெழுதுவோர் நம்மிடையே பலர். கெழு எனப்படும் அந்தச் சிறிய எண்ணுக்குப் பின்னே ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. அவர்தாம் நவீன வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் அந்துவான் லவாய்சியர்.

1743ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் பாரிஸ் நகரில் வசதிமிக்க வழக்கறிஞர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். குடும்ப வழக்கப்படி சட்டம் பயின்றாலும் அவர் உள்ளம் அறிவியலையே நாடியது. 1768இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டில், அரசுக்காக மக்களிடம் வரி தண்டும் தனியார் குழுமம் ஒன்றிலும் பங்கு வாங்கினார். அதில் வந்த செல்வம் அவருடைய ஆய்வுக்கூடத்தை வளர்த்தது. பின்னாளில் அதுவே அவருக்குக் கூற்றாகவும் அமைந்தது. 1771இல் மரி ஆன் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் ஆங்கிலம் பயின்று அறிவியல் நூல்களைக் கணவருக்கு மொழிபெயர்த்துத் தந்தார். ஆய்வுக் கருவிகளின் படங்களையும் வரைந்து உதவினார்.

ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து 'புளோஜிஸ்டன்' என்ற ஒன்று வெளியேறுகிறது என்பதே அக்கால அறிஞர்களின் முடிபு. அப்படியானால் எரிந்த பொருளின் எடை குறைய வேண்டுமன்றோ? ஆனால், கந்தகமும் பாஸ்பரசும் எரிந்தபின் எடை கூடுவதை 1772இல் லவாய்சியர் கண்டார். 1774இல் மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். உலோகம் நீறிற்று, ஆயினும் கலத்தின் மொத்த எடை மாறவில்லை. கலத்தைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அதன் பின்னரே எடை கூடிற்று. உலோகம் காற்றின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டது என்பது இதனால் புலனாயிற்று.

அவர் செய்த பாதரச ஆய்வு புகழ் வாய்ந்தது. பாதரசத்தைப் பன்னிரண்டு நாட்கள் இடைவிடாது சூடாக்கி, அதன்மேல் படிந்த செந்நிறத் தூளைச் சேர்த்தார். 45 கிரெயின் எடையுள்ள அத்தூளை மேலும் கடுமையாகச் சூடாக்கியபோது 41½ கிரெயின் பாதரசமும் ஒரு வாயுவும் கிடைத்தன. அவ்வாயுவின் எடை ஏறக்குறைய 3½ கிரெயின். வரவும் செலவும் நேராயின! அவ்வாயுவுக்கு ஆக்ஸிஜன் என்று பெயரிட்டவரும் அவரே. அதனை அவருக்கு முன்பே தனித்தனியே பிரித்தெடுத்த ஷீலே, பிரீஸ்ட்லி ஆகியோர்க்கு உரிய பெருமையை அவர் முழுமையாக அளிக்கவில்லை என்ற குறை உண்டு.

இதே ஆய்வை இன்று நாம் சமன்பாடாக எழுதிப் பார்ப்போம். பாதரச ஆக்ஸைடின் ஓர் அலகில் ஒரு பாதரச அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் உள்ளன. ஆனால், வெளிவரும் ஆக்ஸிஜன் மூலக்கூறோ இரண்டு அணுக்கள் இணைந்தது. ஓர் அணுவிலிருந்து இரண்டு அணுக்கள் பிறக்குமா? பிறவா. ஆகவே ஆக்ஸைடுக்கு முன் 2 என்ற கெழுவை இடுகிறோம். அப்போது பாதரச அணுவும் இரண்டாகிறது. எனவே வலப்புறப் பாதரசத்துக்கு முன்னும் 2 இடுகிறோம். சமன்பாடு சமனாகிவிட்டது.

இங்கே தொடக்க மாணவர் பலர் தடுமாறுவதுண்டு. கெழுவை மாற்றலாம், வாய்பாட்டின் கீழே உள்ள சிற்றெண்ணை மாற்றலாகாது. நீரின் வாய்பாட்டில் ஆக்ஸிஜனுக்குக் கீழே 2 இட்டால் அது நீராகாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகிவிடும்! இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் தரும் என்பதே முறை. நான்கு கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்ஸிஜனும் 36 கிராம் நீராவதைத் தராசும் மெய்ப்பிக்கும்.

லவாய்சியர் காலத்தில் இக்குறியீடுகள் இல்லை. டால்டனின் அணுக்கொள்கையும் பெர்சீலியசின் எழுத்துக் குறியீடுகளும் அடுத்த நூற்றாண்டில் வந்தவை. எனினும், 1789இல் வெளியிட்ட தம் வேதியியல் நூலில், திராட்சைச் சாறு புளிப்பதை இயற்கணிதச் சமன்பாடுபோல் அவர் கருதிக் காட்டினார். வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்னும் பொருண்மை அழியா விதியை அந்நூல் நிலைநாட்டிற்று. அதில் அவர் தந்த 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றன. மேதையும் தம் காலத்தின் எல்லையை முற்றும் கடந்துவிட இயலாதன்றோ!

பிரெஞ்சுப் புரட்சியின்போது மக்களின் சினம் வரி தண்டியோர்மேல் பாய்ந்தது. 1793 நவம்பரில் லவாய்சியர் சிறைப்பட்டார். 1794 மே 8ஆம் நாள், மாமனாரையும் உள்ளிட்ட குழுமத்தார் பலருடன் கில்லட்டினுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான். மறு ஆண்டிலேயே அவர்மீது சுமத்திய பழி நீக்கப்பட்டது. ஆனால் போன உயிரை எவர் தர இயலும்?

பொருளின் கணக்கைப் பிழையின்றிப் பார்த்தவருக்கு மனிதர் வழங்கிய நீதியில் சமன்பாடு பிழைத்துவிட்டது. நண்பர்களே! இனி ஒரு சமன்பாட்டில் கெழு இடும்போது மனப்பாடத்தை நம்பாமல் அணுக்களை எண்ணிப் பாருங்கள். அவ்வறிஞருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே ஆகும்.