பகுத்தறிவு ஆசான் கோவூர்

1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கல்கத்தாவில் பயின்ற அவர், 1928இல் யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரி ஆசிரியரானார். 1959இல் ஓய்வு பெற்ற பின்னரே அவரது பெரும்பணி சிறந்தது. பேய் பிடித்தது, வீட்டில் கல் விழுகிறது என்று அஞ்சி வினவியோரை அவர் எள்ளி நகையாடவில்லை. நேரில் சென்று ஆராய்ந்து, காரணத்தை விளக்கினார்.

தெய்வீக ஆற்றலைச் சோதனையில் மெய்ப்பிப்போர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் மறையும்வரை எவரும் அதனைப் பெற்றாரில்லை. தம் உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே எழுதி வைத்தார்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார இளைஞர்களே! காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மந்திரித்த தகடு வாங்க நம் கூலிப்பணம் கரையும்வரை, அப்பேராசான் நடத்திய பாடம் நமக்கு முடிந்துவிடவில்லை. ஏன் என வினவுவோம். வினவுவோர்க்குப் பொறுமையுடன் விடை கூறுவோம்.