ஓர் இரவில் பிறந்த வரைபடம்

கல்லூரியில் கொடுத்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மாணவர் நள்ளிரவு தாண்டியும் கண் விழித்திருந்தார். அன்று அவர் வரைந்த சிறு படம் விஞ்ஞானத்தில் ஒரு புதிய பாதையைத் திறந்தது.

அந்த மாணவர்தான் ஆல்பிரெட் ஸ்டர்ட்டிவன்ட்.

அப்பாவின் குதிரைகள்

1891-ம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் அவர் பிறந்தார். ஆறு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் அலபாமாவுக்குக் குடியேறியது. தகப்பனார் அங்கே விவசாயம் செய்தார்.

வீட்டில் குதிரைகள் இருந்தன. எந்தக் குதிரைக்கு எந்தக் குட்டி பிறந்தது என்று வம்ச வரலாறு எழுதுவது சிறுவனின் பொழுதுபோக்கு.

1908-ல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அண்ணன் எட்கர் அந்நகரில் கல்லூரி ஆசிரியர். தம்பியைத் தம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். பரம்பரை பற்றிய நூல்களைப் படிக்கும்படி தூண்டினார்.

குதிரைகளின் நிறம் பற்றித் தம்பி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பேராசிரியர் மார்கனிடம் காட்டும்படி அண்ணன் யோசனை சொன்னார். மார்கன் பாராட்டினார். 1910-ல் கட்டுரை அச்சில் வந்தது. ஆராய்ச்சி அறையில் மாணவருக்கு ஒரு மேஜையும் கிடைத்தது.

ஈ அறை

அந்த அறைக்கு "ஈ அறை" என்று பெயர். 16 அடிக்கு 23 அடி. அதற்குள் எட்டு மேஜைகள். எங்கு பார்த்தாலும் பால் புட்டிகள். புட்டிக்குள் வாழைப்பழம். பழத்தில் சின்னஞ்சிறு ஈக்கள்.

புட்டி கழுவ வந்த பிரிட்ஜஸ் என்பவரும் மாணவரே. கண்ணாடி வழியாகவே, கண் நிறம் மாறிய ஓர் ஈயை அவர் கண்டுபிடித்தார். ஸ்டர்ட்டிவன்டுக்கு அது இயலாது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு வேறுபடாது!

ஆனால் அவர் மனம் கணக்கில் கூர்மையானது.

பூமாலைக் கணக்கு

பெற்றோரின் குணங்களைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை ஜீன்கள். அவை குரோமோசோம் என்னும் இழையில் இருக்கின்றன. இழைகள் சில சமயம் அறுந்து, துண்டு மாறி ஒட்டிக் கொள்ளும்.

ஒரு பூமாலை அறுந்தால், அடுத்தடுத்து உள்ள பூக்கள் பிரிவது அபூர்வம். தூரத்தில் உள்ள பூக்கள் எளிதில் பிரியும். ஜீன்களும் அப்படித்தானே? எத்தனை ஈக்களில் இரு குணங்கள் பிரிந்தன என்று எண்ணினால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்துவிடும்!

1911-ல் மார்கனுடன் பேசிக் கொண்டிருந்தபோது இந்த எண்ணம் பளிச்சிட்டது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். உலகின் முதல் ஜீன் வரைபடம் பிறந்தது. ஆறு ஜீன்களைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 1913-ல் வெளியாயிற்று.

பரிசில் பங்கு

1928-ல் மார்கனுடன் கலிபோர்னியா சென்று, அங்கேயே பேராசிரியராக விளங்கினார். 1933-ல் மார்கனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தைத் தம் பிள்ளைகளுக்கு மட்டும் மார்கன் கொடுக்கவில்லை. பிரிட்ஜஸ், ஸ்டர்ட்டிவன்ட் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார்.

1970-ல் ஸ்டர்ட்டிவன்ட் காலமானார். மனிதனின் ஜீன்களை வரிசைப்படுத்தும் மாபெரும் பணி 2003-ல் நிறைவேறியது. அதற்கு முதல் கோடு போட்டவர், பட்டம் கூடப் பெறாத ஒரு மாணவர். அவரை நம்பி ஒரு மேஜை கொடுத்தவர் அவருடைய ஆசிரியர்.