மேகநாத சாகா

மேகநாத சாகா (அக்டோபர் 6, 1893 - பெப்ரவரி 16, 1956) இந்திய வானியற்பியலாளர் ஆவார். விண்மீன் ஒளியின் நிறமாலையை, அணுக்களின் அயனியாக்க ஆற்றலைக் கொண்டு விளக்கும் சமன்பாட்டை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இது சாகா அயனியாக்கச் சமன்பாடு எனப்படுகிறது. விண்மீன்களின் வெப்பநிலை, அழுத்தம், வேதிச் சேர்மானம் ஆகியவற்றை நிறமாலையிலிருந்து கணிக்க இச்சமன்பாடே அடிப்படையாக அமைந்தது.

இளமை

இன்றைய வங்காளதேசத்தில், டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெகந்நாத சாகா சிறு மளிகைக் கடை நடத்தினார். எட்டுப் பிள்ளைகளில் மேகநாதர் ஐந்தாமவர். ஊரில் நடுநிலைப்பள்ளி இல்லாமையால், வேற்றூரில் ஒரு மருத்துவரின் வீட்டில் தங்கி, அவ்வீட்டு மாட்டைப் பராமரித்தவாறே படித்தார். 1905-இல் உதவித்தொகை பெற்று டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினை எதிர்ப்பு வலுத்திருந்த காலம் அது. ஆளுநரின் வருகைக்கு எதிர்ப்புக் காட்டிய மாணவருள் ஒருவராக இருந்ததால் பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தார்.

1911-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் அங்கு ஆசிரியர்கள். சத்தியேந்திர நாத் போசு வகுப்புத் தோழர். விடுதியில் சில மாணவர்கள் சாதியைக் காரணம் காட்டி அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். 1915-இல் முதுநிலைத் தேர்வில் போசு முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர். பின்னர் இருவரும் கொல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாகி, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920-இல் வெளியிட்டனர்.

கதிர்வீச்சு அழுத்தம் குறித்து சாகா எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்காவின் வானியற்பியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியபோது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்கவேண்டும் எனப் பதில் வந்தது. விரிவுரையாளர் சம்பளத்தில் அது இயலவில்லை. ஒரு சுருக்கக் குறிப்பு மட்டுமே அவ்விதழில் 1919-இல் வெளியாயிற்று. இத்துறையில் அவருடைய முதற்பங்களிப்பு பின்னாளில் போதிய அளவு அறியப்படாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சாகா சமன்பாடு

கால்சியம் அணு ஐதரசன் அணுவைவிட ஏறத்தாழ 40 மடங்கு எடை கொண்டது. ஆயினும் சூரியனின் நிறமண்டலத்தில் மிக உயரமான பகுதிகளிலும் கால்சியத்தின் எச், கே எனப்படும் கோடுகள் காணப்பட்டன. (கொடைக்கானல் வான்காணகத்தில் நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படத்தொகுப்பு இதே கே கோட்டின் ஒளியில் எடுக்கப்பட்டதே.) சாதாரணக் கால்சியத்தின் கோடோ தாழ்ந்த பகுதிகளில் மட்டுமே தென்பட்டது. எச், கே கோடுகள் ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள். அணு எலக்ட்ரானை இழப்பதை, மூலக்கூறு வெப்பத்தால் பிரிவதைப் போன்ற ஒரு வேதிவினையாக சாகா கருதினார். வெப்பம் மிகுந்தால் அயனிகள் மிகும். அழுத்தம் குறைந்தாலும் மிகும். எனவே மேலே செல்லச்செல்ல, வெப்பம் கூடாதபோதும், அழுத்தக் குறைவே கால்சியத்தை அயனியாக்கிவிடுகிறது.

இவ்வழியில் முதலில் சிந்தித்தவர் சாகா அல்லர். செருமானியரான எகெர்ட் 1919-இல் விண்மீன்களின் உட்பகுதிக்கு இத்தகைய கணக்கீட்டைச் செய்திருந்தார். ஆனால் அயனியாக்க ஆற்றலுக்கு அவர் கொண்ட மதிப்பு செயற்கையானது. சாகா அவ்விடத்தில் பிராங்க், ஹெர்ட்சு வழியில் ஆய்வகத்தில் அளந்த மதிப்புகளையும் நிறமாலைத் தொடர்களிலிருந்து பெற்ற மதிப்புகளையும் இட்டார். சிறிய மாற்றமாகத் தோன்றினும் விளைவு பெரிது. சமன்பாட்டில் இவ்வாற்றல் அடுக்குக்குறியில் வருகிறது. சூரிய மேற்பரப்பின் வெப்பநிலையான சுமார் 5,800 கெல்வினில், அரை எலக்ட்ரான் வோல்ட் பிழை இருந்தால் விடை ஏறத்தாழ 2.7 மடங்கு மாறிவிடும்.

கால்சியத்துக்கு இம்மதிப்பு 6.1 எலக்ட்ரான் வோல்ட், ருபீடியத்துக்கு 4.2, சீசியத்துக்கு 3.9 மட்டுமே. ஆகவே ருபீடியமும் சீசியமும் சூரியனில் பெரும்பாலும் அயனிகளாகிவிடுவதால் அவற்றின் கோடுகள் தெரிவதில்லை என்றும், வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவற்றைத் தேடவேண்டும் என்றும் சாகா கூறினார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. மவுண்ட் வில்சன் வான்காணக இயக்குநர் ஹேலுக்கு 1921-இல் கடிதம் எழுதினார். அங்குள்ள நிறமாலைகளை ஆராய்ந்த ஹென்றி நாரிஸ் ரசல், சூரியப் புள்ளிகளில் ருபீடியத்தைக் கண்டறிந்து 1922-இல் வெளியிட்டார்.

இதனிடையே லண்டனில் ஆல்பிரட் பவுலரின் ஆய்வகத்தில் தங்கிய சாகா, ஹார்வர்டு விண்மீன் வகைகளின் வரிசை உண்மையில் ஒரு வெப்பநிலை வரிசையே என 1921-இல் விளக்கினார்.

பின்வந்த திருத்தங்கள்

சாகாவின் முதல் வடிவம் கிளர்வுற்ற அணுக்களை முறையாகக் கணக்கில் கொள்ளவில்லை. ரால்ப் பவுலர், மில்னே ஆகியோர் 1923-24-இல் இக்குறையை நீக்கினர். 1925-இல் செசிலியா பெய்ன் இதனைப் பயன்படுத்தி, விண்மீன்களில் ஐதரசனும் ஈலியமுமே மிகுதி எனக் கணித்தார். சூரியனின் ஐதரசன் அணுக்களில் ஏறத்தாழ 20 கோடியில் ஒன்றுதான் கட்புலனாகும் கோட்டை உண்டாக்கும் நிலையில் இருக்கிறது. அவ்வாறிருந்தும் கோடு வலிமையாகத் தெரிகிறதெனில் ஐதரசன் எவ்வளவு இருக்கவேண்டும்!

இத்தகைய கணக்கீடுகளுக்கு அயனியாக்க ஆற்றல் மட்டும் போதாது. ஆற்றல் மட்டங்கள், அவற்றிடையே தாவும் நிகழ்தகவுகள், மோதல் வீதங்கள் ஆகியனவும் தேவை. பல அயனிகளுக்கு இவற்றை ஆய்வகத்தில் அளப்பது கடினம் என்பதால் குவாண்டம் இயக்கவியல் வழியே கணினியில் கணிக்கின்றனர். மைக்கேல் சீட்டன் தலைமையில் 1980-களில் தொடங்கிய பன்னாட்டு ஒளிபுகாமைத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

பிற பணிகள்

1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1927-இல் அரச கழக உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. 1938-இல் கொல்கத்தா திரும்பி அணுக்கருவியல் ஆய்வகம் ஒன்றை உருவாக்கினார். 1950-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது. 1952-இல் சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தலைமையேற்ற நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி இந்தியத் தேசிய நாட்காட்டி மார்ச் 22, 1957 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1956-இல் புது தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார்.

நிலவின் மறுபக்கத்திலுள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கு சாகாவின் பெயர் இடப்பட்டுள்ளது.