தயான் சந்த்: மந்திர மட்டையும் தொலைந்த பதக்கமும்

1936-ம் வருடம் பெர்லின் ஒலிம்பிக்கில் இரண்டு பெயர்கள் பெரிதாகப் பேசப்பட்டன. ஒருவர் தடகளத்தில் 4 தங்கம் வென்ற அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். இன்னொருவர் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன் தயான் சந்த். ஓவன்ஸ் வாங்கிய தங்கப் பதக்கங்களில் ஒன்று 2013-ல் ஏலத்துக்கு வந்தது. சுமார் 14.7 லட்சம் டாலருக்கு விலை போனது.

தயான் சந்தின் பதக்கங்களுக்கு என்ன ஆச்சு? அந்தக் கதை கொஞ்சம் கசப்பானது. அதற்கு முன், அந்தப் பதக்கங்கள் அவர் கைக்கு எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம்.

சிப்பாய் டூ கேப்டன்

1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் பிறந்தவர் தயான் சிங். அப்பா ராணுவத்தில் இருந்தார். அடிக்கடி இடமாற்றம், அதனால் படிப்பு பாதியில் நின்றது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கியது.

16 முடிந்து 17 தொடங்கும் வயதில் தயானும் சிப்பாயாகச் சேர்ந்தார். அதுவரை ஹாக்கி மீது அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. மைதானம் பழகியதே ராணுவத்தில்தான். பகல் முழுக்க டியூட்டி, அதனால் நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்வார். நிலாவுக்கு இந்தியில் 'சந்த்'. நண்பர்கள் வைத்த அந்தப் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

1926-ல் ராணுவ அணியோடு நியூசிலாந்து போனார். ஆடிய 21 போட்டிகளில் 18 வெற்றி. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது.

மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம்

1928-ல் ஆம்ஸ்டர்டாமுக்கு முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணி கிளம்பியபோது, பம்பாய் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். அந்த அணி மொத்தம் 29 கோல் போட்டது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதில் 14 கோல் தயான் சந்த் அடித்தது. தங்கத்தோடு திரும்பியபோது வரவேற்கப் பெருங்கூட்டம் கூடியது.

1932 லாஸ் ஏஞ்சல்ஸில் களத்தில் மூன்றே அணிகள். அமெரிக்காவை இந்தியா 24-1 என வென்றது. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் தயான் சந்த் 8 கோல், அவர் தம்பி ரூப் சிங் 10 கோல்.

1936 பெர்லின்தான் உச்சம். போட்டிகள் தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று இந்தியாவைத் தோற்கடித்திருந்தது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15-ல் ஆட்டம். முதல் பாதியில் இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல். மைதானம் ஈரம், கால் வழுக்குகிறது. இரண்டாம் பாதியில் தயான் சந்த் ஆணி வைத்த ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு ஆடினார். முடிவு 8-1.

இன்னொரு விஷயம். அன்று இந்திய அணி அதிகாரப்பூர்வமாக ஆடியது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ். ஆனால் ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் வீரர்கள் வணக்கம் வைத்தது காங்கிரஸின் மூவர்ணக் கொடிக்கு. சரியாக 11 வருடம் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை அடைந்தது.

மட்டைக்குள் காந்தமா?

இங்கேதான் கதைகள் நுழைகின்றன. பந்து மட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று சந்தேகப்பட்டு, நெதர்லாந்தில் அவர் மட்டையை உடைத்துப் பார்த்தார்கள் என்பது ஒன்று. ஹிட்லர் ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாகக் கூப்பிட்டார் என்பது இன்னொன்று. வியன்னாவில் நான்கு கைகள், நான்கு மட்டைகளோடு அவருக்குச் சிலை இருக்கிறது என்பது மூன்றாவது.

இந்த மூன்றுமே வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகின்றன. முதல் இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. வியன்னா சிலையைத் தேடிப்போனவர்கள் யாரும் அதைக் கண்டதில்லை.

ஆனால் கிரிக்கெட் மேதை டான் பிராட்மேன் 1935-ல் அடிலெய்டில் அவர் ஆட்டத்தைப் பார்த்து வியந்தது நிஜம். பிராட்மேன் வளர்ந்த பவுரல் என்ற சின்ன ஊரில் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகமே இருக்கிறது. பேட், தொப்பி, கடிதம் என எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். பொருள் கண் முன்னால் இருக்கும் இடத்தில் கட்டுக்கதைக்கு வேலை குறைவு. பொருள் இல்லாத இடத்தைக் கதை நிரப்பிவிடுகிறது.

கடைசி நாட்கள்

1952-ல் அவரது சுயசரிதை 'கோல்' வெளியானது. அதை வெளியிட்டது நம்ம சென்னையில் இருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்'. 1956-ல் ராணுவத்தில் ஓய்வு, அதே வருடம் பத்ம பூஷண். பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளராக இருந்தார். மகன் அசோக் குமார் 1975 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்ததையும் பார்த்தார்.

ஆனால் கையில் காசு இல்லை. கல்லீரல் புற்றுநோயோடு டெல்லி எய்ம்ஸில் சேர்க்கப்பட்டபோது கிடைத்தது பொது வார்டு. 1979 டிசம்பர் 3-ல் காலமானார்.

அந்தக் கடைசி நாட்களில் குடும்பத்திடம் அவர் கேட்டுக்கொண்டது, பதக்கங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் யாரோ அவர் அறைக்குள் புகுந்து சில பதக்கங்களை எடுத்துப் போயிருந்தார்கள். அதற்கும் முன்பு, ஜான்சியில் ஒரு கண்காட்சியில் வைத்த ஒலிம்பிக் பதக்கமும் காணாமல் போயிருந்தது என்கிறது அதே பதிவு.

இன்று அவர் பிறந்தநாள்தான் தேசிய விளையாட்டு தினம். டெல்லியின் தேசிய மைதானம் அவர் பெயரில். 2021 முதல் கேல் ரத்னா விருதும் அவர் பெயரில். பெயரைக் காப்பாற்றிவிட்டோம். பொருளைத்தான் விட்டுவிட்டோம்.

இவருக்கு மட்டும்தானா?

இல்லை. 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர், 1985-ல் 36 பதக்கங்கள், மெல்போர்ன் ஒலிம்பிக் கேப்டன் கோட், அரிய புகைப்படங்கள் ஆகியவற்றை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். அருங்காட்சியகம் வரும் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் கண்காட்சிக்காகத் திருப்பிக் கேட்டபோதுதான் அவை காணவில்லை என்று தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் பலனில்லை. 2020-ல் அவர் இறக்கும்வரை எதுவும் கைக்கு வரவில்லை.

இத்தனைக்கும் ஒலிம்பிக் தங்கம் என்பது முழுத் தங்கம் கிடையாது. 1912-க்குப் பிறகு தரப்படுவது தங்க முலாம் பூசிய வெள்ளிதான். உருக்கினால் பெரிய காசு வராது. யார் கழுத்தில் தொங்கியது என்பதுதான் அதன் விலை. ஓவன்ஸின் பதக்கம் அவ்வளவு விலை போனதும் அதனால்தான்.

சரி, மற்றவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்?

அமெரிக்காவில் ஜெபர்சன் பர்டிக் என்று ஒரு தொழிலாளி இருந்தார். பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட அட்டைகள் அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு இலவசமாக வரும், பார்த்துவிட்டு வீசிவிடுவார்கள். பர்டிக் அவற்றைச் சேர்த்தார், வகை பிரித்தார், ஒவ்வொரு வகைக்கும் குறியீடு கொடுத்தார். மூட்டுவலியால் கை மடங்காத நிலையிலும் ஆல்பத்தில் ஒட்டினார். 1963-ல் இறப்பதற்கு முன், எல்லா வகை அட்டைகளும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து முடித்தார். அவற்றில் 30 ஆயிரத்துக்கும் மேல் பேஸ்பால் அட்டைகள். குப்பைக்குப் போக வேண்டியவை இன்று அந்த விளையாட்டின் சரித்திரம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி.நாயுடு பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். அவர் உருவாக்கியதையும் சேர்த்ததையும் கண்ணால் பார்க்கலாம். யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை.

நம்ம வீட்டு ஷோகேஸுக்கு என்ன செய்யலாம்?

காரமடையிலோ மேட்டுப்பாளையத்திலோ மில் டீமுக்கு ஆடிய தாத்தா, மாவட்டப் போட்டியில் ஓடிய அத்தை என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். கப்பும் சான்றிதழும் பரண் மேல் கிடக்கும். செலவில்லாமல் இவ்வளவு செய்யலாம்:

• ஒவ்வொரு பொருளையும் போனில் முன்னும் பின்னும் படம் எடுங்கள். யாருடையது, எந்த வருடம், எந்தப் போட்டி என்று உடனே எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

• பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாமும் எழுத்தும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

• சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஈரம் படாத இடத்தில் கவரில் வையுங்கள்.

• கண்காட்சிக்கோ அலுவலகத்துக்கோ கொடுத்தால், படத்தோடு பட்டியல் போட்டு, கையெழுத்தும் தேதியும் உள்ள ரசீது வாங்குங்கள். கடனா, நன்கொடையா என்பதும் அதில் இருக்கட்டும்.

தயான் சந்துக்கும் பல்பீருக்கும் திறமையிலோ புகழிலோ குறை இல்லை. அவர்களின் பொருட்களுக்கு இல்லாமல் போனது காவல்தான். நம்ம வீட்டில் இருப்பதற்கு அந்தக் காவல் நாம்தான்.